ஆறுமீன்

தமிழையா காலமான செய்தி போன மாதம் நம் செட் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது இங்கே குவைத்தில் இரவு எட்டு மணி. ஆளாளுக்குக் கைகூப்பின படம் போட்டார்கள். அதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. பழைய மாணவர் சங்க வளைகுடாக் கிளை சார்பில் மலருக்கு எழுதித் தா என்று கேட்டதும் சரி என்றேன்.

ரெண்டாம் பெல், கிணற்றடி வரிசை, கருப்பட்டிக் காப்பி, போர்டிங் ஜெபம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1979 டிசம்பரில், அரைப்பரீட்சை லீவுக்கு முந்தின வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அப்போது நான் எட்டாம் வகுப்பு.

அன்றைக்குச் சாயங்கால ஜெபம் என் முறை. ஜெபம் பண்ணுவதில் எனக்கு நல்ல பேர். வானத்தையும் பூமியையும் சமுத்திரத்தையும் உண்டாக்கின சர்வவல்லமையுள்ள பிதாவே என்று மூச்சுவிடாமல் ஆரம்பித்து முடித்தேன். ஆமென் சொன்ன கையோடு ஐயா கேட்டார்கள்.

"வானத்தை உண்டாக்கினவர்னியே, இன்னைக்கு வானத்தைப் பாத்தியாலே?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"என்ன குடுத்திருக்காருன்னு பாக்காமலே ஸ்தோத்திரம் சொல்லுதியோ?"

மொத்தப் போர்டிங்கும் சிரித்தது. எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போக, என்னை மட்டும் மைதானத்தில் நிற்கச் சொன்னார்கள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. காலுக்கடியில் செம்மண் சொதசொதவென்று இருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஐயா டார்ச் லைட்டோடு வந்தார்கள். என்ன தெரியுது என்றார்கள். "ஆறுமீன்" என்றேன். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு எங்கள் வீட்டில் அதுதான் பேர். யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்கள். அதற்குத்தான் எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் அப்பா தொழில் விவசாயம் என்று எழுதியிருந்தது. அப்பா பனையேறி. ஆனி மாதம் விடியுமுன் கிழக்கே ஆறுமீன் ஏறியிருப்பதைப் பார்த்துத்தான் அரிவாள்பெட்டியைக் கட்டுவார்கள். அதை ஒருவழியாகச் சொல்லிமுடித்தேன்.

ஐயா பேசவில்லை. உள்ளே போய் வேதாகமத்தை எடுத்துவந்து, டார்ச் வெளிச்சத்தில் யோபு 38:31-ஐ என்னையே வாசிக்கச் சொன்னார்கள். "அறுமீன் நட்சத்திரத்தின் சுகிர்த சம்பந்தத்தை நீ இணைக்கக்கூடுமோ? அல்லது மிருகசீரிஷத்தின் கட்டுகளை அவிழ்ப்பாயோ?" எபிரெயத்தில் கீமா, கேசீல் என்று இருப்பதைத் தமிழாக்கினவர்கள் நம் ஊர்ப் பேரிலேயே போட்டிருக்கிறார்கள் என்று விளக்கினார்கள். ஆமோஸிலும் அதே இரண்டு பேர்தான்: அவற்றை உண்டாக்கினவரைத் தேடுங்கள் என்று. "உங்கப்பா பேர் சொல்லிக் கூப்பிடுத நட்சத்திரம் வேதத்துல இருக்கு. நீ எதுக்குலே தலை குனியுத?" என்றார்கள். அப்புறம் தன் சாப்பாட்டில் பாதியை எனக்கு வைத்தார்கள்.

லீவு முடிந்து போர்டிங்குக்குத் திரும்பின பிறகு ஒருநாள் அப்பா கருப்பட்டிக் கொட்டானோடு வந்தார்கள். எப்போதும் கேட்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள். ஐயா போய் "வாங்க அண்ணாச்சி" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து படிக்கட்டில் உட்காரவைத்து, இருட்டும் வரை நட்சத்திரப் பேர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அப்பா நெஞ்சில் பனைமரம் உரசிக் காய்த்த தடம் சட்டைக்குமேல் தெரிந்தது. பையன்கள் எல்லோரும் பார்த்தார்கள். அன்று எனக்கு வெட்கமாக இல்லை.

அதற்குப் பிறகு ஜெபத்துக்கு முன்னால் எல்லோரும் வெளியே வந்து, அன்று கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்லவேண்டும் என்று ஆயிற்று. கிணற்றில் ஒரு படி மூழ்கியிருக்கிறது, விளையில் மயில் இறங்கியது என்று சொல்வோம். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது "வானத்தையும் பூமியையும்" என்றதும் ஒரு மூச்சு நிறுத்தச் சொல்வார்கள். அதன் அருமை இங்கே வந்துதான் புரிந்தது. இங்கே ஆராதனை வெள்ளிக்கிழமை. ஒரே வளாகத்தில் பல மொழிச் சபைகள் நேரம் பிரித்துக்கொண்டு கூடுகின்றன. பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்லும்போது முதலில் "ஐ பிலீவ்" வருகிறது. தமிழில் வானமும் பூமியும் முதலில் வந்துவிடும். விசுவாசிக்கிறேன் என்கிற நான் கடைசியில்தான். முப்பது வருடமாக நான் அந்த இடத்தில் மூச்சு நிறுத்துகிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் முந்திப்போய்விடுவார்கள்.

நான் பணம் அனுப்பத் தொடங்கியதும் அப்பா ஏறுவதை விட்டார்கள். பனைவிளையை விற்றது என் யோசனை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் அடக்கத்துக்கும் என்னால் போகமுடியவில்லை, ஐயா அடக்கத்துக்கும் போகமுடியவில்லை.

செய்தி வந்த அன்று மகளைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். ஊர் வெளிச்சத்தில் ஆறுமீனில் நாலுதான் எண்ண முடிந்தது. கீழே மிருகசீரிஷம் நன்றாகத் தெரிந்தது. அதன் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்றுக்கு அப்பா வேறொரு பேர் சொல்வார்கள். மகள் கேட்டாள்; எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஐயா அன்று குறித்துக்கொண்ட நோட்டு வீட்டில் இருக்கிறதா என்று ஊரிலிருக்கும் நம் செட்டில் யாராவது போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.