குண்டூசியில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம்

இடுப்பு எலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பின் அம்மா படுக்கையில் இருந்த ஆறு வாரங்களில், பெங்களூர் அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுப் பின்னறைச் சுவரில் காகிதத்தால் ஒரு மரம் செய்து பார்த்தேன். தெருவோரத்துத் தூங்குமூஞ்சி மரம்தான் மாதிரி. கட்டிலிலிருந்து பார்த்தால் சன்னல் வழியே அதன் ஒரு கிளை மட்டும் தெரியும். அந்தக் கிளையை உள்ளே சுவர் வரைக்கும் இழுத்து வர ஆசைப்பட்டேன்.

ஆசைக்கு விதை போட்டவர் பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ். 1941-இல் குடல் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின் பெரும்பாலும் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் காலம் கழித்த அவர், உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைக் கோடு வரையாமல் நேரடியாகக் கத்தரிக்கோலால் வெட்டினார். 1952-இல் நீஸ் நகரில் தம் இருப்பிடத்துச் சுவரை இலைகளாலும் பழங்களாலும் நிரப்பினார். 'கிளியும் கடற்கன்னியும்' என்ற அந்தப் படைப்பு 7.5 மீட்டருக்கும் மேல் அகலம், இப்போது ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே கோடையில், நீந்துபவர்களைப் பார்க்கக் கான் நகரத்துக்குப் போய், வெயில் தாளாமல் திரும்பி வந்து, சாப்பாட்டு அறையைச் சுற்றி ஒரு நீச்சல் குளத்தையே வெட்டி வைத்தார்.

அவர் அவற்றை முதலில் ஒட்டவில்லை, குண்டூசியால் குத்தி வைத்து, இடம் மாற்றி மாற்றிப் பார்த்தார். பாதுகாப்புக்காகத் தட்டையாக ஒட்டியது பிறகு நடந்தது. ஒட்டியதும் அவை ஓவியங்களாகிவிட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது. விளிம்புகள் எழும்பி நின்ற நாள்களில் அது தோட்டமாகத்தான் இருந்திருக்கும்.

அவென்யூ ரோட்டில் வாங்கிய பச்சைத் தாளை, திருவிழாத் தோரணத்துக்கு மடித்து வெட்டுவதுபோல் இரண்டாக மடித்து வெட்டினேன். நூறு சிற்றிலைகள் ஒரே மணி நேரத்தில் ஆகிவிட்டன. சுவரில் வைத்தபோதோ பிளாஸ்டிக் பூச்செண்டு போல் இருந்தது. கீழே போய் ஒரு காம்பைப் பறித்து வந்து பார்த்தேன். தூங்குமூஞ்சியின் சிற்றிலையில் நடு நரம்பின் இரு பக்கமும் சமமாக இல்லை, ஒரு பக்கம் தூக்கலாகவும் மற்றது ஒடுங்கியும் இருக்கிறது. காம்பின் நுனியில் உள்ள இணைதான் பெரிது, அடியை நோக்கி வர வர அளவு குறைகிறது. மடித்த தாளில் இது வரவே வராது. நூறையும் குப்பையில் போட்டுவிட்டு, மடிக்காமல் ஒவ்வொன்றாக வெட்டினேன். நான்கு இரவுகள் ஆயின.

பிறகு ஜூலை மழை வந்தது. பாதி இலைகள் நுனியிலிருந்து பாய் சுருட்டியதுபோல் சுருண்டுகொண்டன, மீதிப் பாதி நடு நரம்பு நெடுகிலும் ஓடம் போல் குழிந்து அழகாக நின்றன. காரணம் தாளின் வாட்டம், அதாவது அதன் நார் ஓடும் திசை. தாளில் உள்ள நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருப்பவை. ஈரம் பட்டால் நீளத்தைவிடக் குறுக்கில்தான் அதிகம் உப்பும், ஆகவே நார் ஓடும் திசையை அச்சாகக் கொண்டு தாள் வளையும். தாளை இரு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த மடிப்புக் கோட்டோடு இலையின் நீளத்தைப் பொருத்தி வெட்டினால் போதும். சுருண்டவற்றை அப்படியே மறுபடி வெட்டினேன், அடியில் மட்டும் ஒரு குண்டூசி, நுனி சும்மா கிடக்கட்டும் என்று விட்டேன். மின்விசிறியை ஒன்றில் வைத்தால் மரம் முழுக்க அசைந்தது.

அம்மா பாராட்டவெல்லாம் இல்லை. ஆறரை மணி வாக்கில் சன்னலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, வெளிய மரம் தூங்கியாச்சு. ஒன் மரம் மட்டும் கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டு நிக்கி" என்றாள். மறுநாள் சாயங்காலம் முதல், கட்டிலில் இருந்தபடி அவள் கைக்கு எட்டும் கடைசி இரண்டு வரிசைகளின் ஊசிகளை அவளே கழற்றி, இலைகளை இணை இணையாக மடித்துக் குத்தி வைக்க ஆரம்பித்தாள்.