இரும்புக்குக் காய்ச்சல்

திருமங்கலம் சாலையில் மாமாவுக்கு லாரி ஸ்பிரிங் பட்டறை. முறிந்து வரும் பட்டையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பகுதி சிப்பி ஓடு போல வரிவரியாக, வழவழப்பாக இருக்கும், மீதி சொரசொரவென்று. மெல்ல வளர்ந்த விரிசல் அது, கடைசியில் பட்டென்று போனது இது.

கண்ணுக்கு விரிசல் தெரியும் முன்பே இரும்பு சூடாகத் தொடங்கிவிடும். கட்டுக்கம்பியை நாலைந்து முறை வளைத்து உதட்டில் வைத்துப் பாருங்கள். உள்ளே படிகங்களின் அடுக்குகள் நழுவும் வேலையில் பெரும்பங்கு வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. ஆய்வுக்கூடத்தில் அதையே அகச்சிவப்புக் கேமராவால் பார்க்கிறேன். மாதிரித் துண்டுக்குப் பளபளப்பில்லாத கறுப்புச் சாயம் பூசி, நொடிக்கு 20 முறை இழுத்து விடுகிறோம். சுமை குறைவென்றால் சராசரி வெப்பநிலை அதிகம் அசையாது. எத்தனை முறை இழுத்தாலும் இரும்பு தாங்கும் உச்சச் சுமைதான் சோர்வு வரம்பு; அதைத் தாண்டினால் விறுவிறுவென ஏறி, ஓரிடத்தில் நின்று, முறிவதற்குச் சற்று முன் மறுபடி எகிறும். பழைய முறையில் 1 கோடி சுற்று ஓட்ட ஒரே துண்டுக்கு ஏறத்தாழ 6 நாள். இதில் சில மணி நேரத்தில் வரம்பு உத்தேசமாகப் பிடிபட்டுவிடும்.

காற்றுப் பட்டால் கணக்குக் கெடும் என்பதுதான் தொல்லை. மே மாத மதுரையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். எட்டிப் பார்த்த மாமா கேட்டார்: "காய்ச்சல் இரும்புக்கா, உங்களுக்கா மாப்பிள்ளை?"