வாரம் 25 டாலர்

2020 ஏப்ரலில் அமெரிக்காவில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது. வேலை போனவர்களுக்கு வழக்கமான உதவித்தொகைக்கு மேல் வாரம் 600 டாலர் கொடுத்தார்கள். இன்ஜினியருக்கும் 600, ஹோட்டலில் தட்டு கழுவியவருக்கும் 600. வேலையில் இருந்தபோது வாங்கியதைவிடச் சிலருக்குக் கூடுதலாகவே வந்தது. "இதென்னய்யா கணக்கு? சம்பளத்துக்குத் தகுந்த மாதிரி கொடுக்கக் கூடாதா?" என்று நண்பர் ஒருவர் வாட்ஸாப்பில் கேட்டார். கொடுக்கலாம்தான். பல மாநிலங்களிடம் இருந்த பழைய கம்ப்யூட்டர்களால் ஆளாளுக்குத் தனிக்கணக்கைச் சீக்கிரமாகப் போட முடியாது. அதே மாதம் நியூ ஜெர்சி கவர்னர் பில் மர்ஃபி, கோபால் (COBOL) என்ற பழைய கம்ப்யூட்டர் மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகவே கூப்பிட்டார். (என் அம்மா இன்றுவரை கோபால் என்பது என்னுடைய மேனேஜர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.)

அந்த வேலையை நான் அதற்குப் பதினோரு வருடம் முன்பே வேறொரு மாநிலத்தில் பார்த்திருக்கிறேன். கன்சல்டிங் கம்பெனி ஒன்றின் ஆளாக, எச்1பி விசாவில், அரசு அலுவலகத்தில் கான்ட்ராக்டர். லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. 2009 பிப்ரவரி 17 அன்று ஒபாமா 787 பில்லியன் டாலர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். டிவியில் பாலம், சாலை, வரிச்சலுகை என்று பேசினார்கள். எங்கள் தலையில் வந்து விழுந்தது அதில் ஒரு சின்ன அயிட்டம்: வேலையில்லா உதவித்தொகை வாங்கும் ஒவ்வொருவருக்கும் வாரம் 25 டாலர் கூடுதல்.

25-ஐக் கூட்டுவதில் என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன். வழக்கமான உதவித்தொகை மாநிலத்தின் பணம், 25 மத்திய அரசின் பணம். இரண்டையும் ஒரே கட்டத்தில் கூட்டி எழுதினால் கணக்குத் தணிக்கையில் மாட்டுவோம். பகுதிநேர வேலை பார்ப்பவருக்குச் சம்பளத்தைக் கழித்து ஒரே ஒரு டாலர் தகுதி மிஞ்சினாலும் முழு 25 உண்டு. அந்த ஒரு டாலரும் இல்லையென்றால் 25-ம் இல்லை. அந்த ஒரு டாலர் ஆசாமிக்காகவே நான் மூன்று நாள் உட்கார்ந்தேன்.

எதிர் மேஜையில், உதவித்தொகைக் கணக்குப் போடும் அந்தப் பழைய புரோகிராமை எழுதிய பெரியவரே இருந்தார். ஓய்வு பெறும் வயது, மேஜையில் எப்போதும் ஆறிப்போன காபி. அவர் எழுதிய காலத்தில் 26 வாரம் உதவித்தொகை, நிலைமை மோசமானால் மேலே கொஞ்சம், அவ்வளவுதான். 2009 நவம்பரில் கூடுதல் வார நீட்டிப்பில் மூன்றாவது, நான்காவது அடுக்கும் சேர்ந்து, மோசமாக அடிபட்ட மாநிலங்களில் எல்லாமாக 99 வாரம் என்று ஆனது. "99 வாரமெல்லாம் ஒருத்தன் வேலையில்லாம இருப்பான்னு அப்ப சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்" என்றார். அதற்கு முந்தைய மாதம்தான் வேலையின்மை 10 சதவீதம் தொட்டிருந்தது.

எல்லாருடைய கணக்கையும் மொத்தமாகப் போடும் ராத்திரி பேட்ச் ஓடும்போது எஸ்0சி7 என்ற பிழை அடித்தால் எனக்குப் போன் வரும். மெயின்ஃப்ரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டர்களில் வேலை பார்த்த ஆட்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது கிடந்தால் புரோகிராம் அப்படியே படுத்துவிடும். சென்னையில் ஒரு வங்கிக்கு வேலை பார்த்தபோதும் இதே போன், இதே தூக்கக் கலக்கம். ஆனால் இங்கே விடிவதற்குள் ஃபைல் போகவில்லையென்றால் காலையில் சில ஆயிரம் பேர் ஏடிஎம்மில் கார்டைச் செருகிவிட்டு நிற்பார்கள்.

2010 ஜூன் 2-ஆம் தேதி நீட்டிப்புச் சட்டம் காலாவதியானது. செனட்டில் இழுபறி. ஏழு வாரம். வேலையில்லாதவர்கள் வாராவாரம் வழக்கம்போல "வேலை தேடினேன்" என்று பதிவு செய்துகொண்டே இருக்க வேண்டும்; அடுத்த அடுக்குக்குப் போக வேண்டியவர்களிடம் எங்கள் புரோகிராம் வாராவாரம் "பாக்கி இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மேல் மாடியில் போன் எடுக்கும் அம்மாள் ஒருநாள் லிஃப்டில் சொன்னார்: "கத்துறவங்களைச் சமாளிச்சிடலாம். ஒருத்தர் வாராவாரம் கூப்பிட்டு, ஏதாவது மாறிச்சான்னு கேட்டுட்டு, நன்றி சொல்லிட்டு வைக்கிறார். அதுதான் முடியலை."

ஜூலை 22 அன்று கையெழுத்தானது. விட்டுப்போன வாரங்களையெல்லாம் சேர்த்துக் கொடுக்கும் புரோகிராமை இரண்டு வாரமாகத் தயாராகவே வைத்திருந்தோம்; எந்தத் தேதி போடுவது என்பது மட்டும்தான் பாக்கி. ஆனால் அந்தச் சட்டத்தில் 25 டாலர் இல்லை. செலவு அதிகம் என்று கழற்றிவிட்டார்கள். நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதியதைப் படிப்படியாக நிறுத்தும் வேலையும் எனக்கே வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எச்1பி ஆளின் சம்பளத்துக்கும் கம்பெனி இந்த உதவித்தொகைக்கான காப்பீட்டு வரியைக் கட்டத்தான் செய்கிறது. ஆனால் வேலை போனால் பொதுவாக உதவித்தொகை கிடைக்காது. விசா அந்தக் கம்பெனியோடு கட்டப்பட்டது, எனவே உடனே வேறு வேலையில் சேரத் தகுதியானவர் இல்லை என்று கணக்கு. இப்போதிருக்கும் 60 நாள் அவகாசம் 2017-இல்தான் வந்தது. அன்று அதுவும் கிடையாது. கான்ட்ராக்ட் புதுப்பிப்பார்களா என்று தெரியாமல் இருந்த ஒரு மாதத்தில், புரோகிராமைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் ரீஜனில் ஒரு விண்ணப்பம் உருவாக்க வேண்டியிருந்தது. பெயரை மட்டும் மாற்றி, என் சம்பளம், என் விசா வகை, என் தேதிகளையே போட்டேன்.

மறுநாள் ரிப்போர்ட்டில் அந்த வரிக்கு நேரே ஹோல்ட் என்று வந்திருந்தது. பெரியவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"டெஸ்ட் பாஸா?"

"பாஸ். நிறுத்த வேண்டிய இடத்துல சரியா நிறுத்திடுச்சு."

ஓரத்தில் இனிஷியல் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.