தேதி முடிந்த பழுப்பு வட்டம்

ஜனவரி 9
நல்ல குளிர். என் சின்ன விமானத்தில் மேலே ஏறும்போதே ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் நெற்றியில் மந்தமான வலி. ராத்திரி தூக்கமில்லை, அதுதான்.

ஜனவரி 13
நண்பனும் கூட வந்தான். ரேடியோவில் சொன்ன அலைவரிசையை இரண்டு முறை தப்பாகத் திருப்பினேன். "என்னடா ஆச்சு உனக்கு?" என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் தலை வலிக்குதுடா" என்றான். அப்போதுதான் உறைத்தது: இன்ஜின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு ஹீட்டர் வழியாக உள்ளே வருகிறதோ என்று.

ஹீட்டரை அடைத்தேன். காற்றுத் துவாரங்கள், ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம் (ஏடிசி) சொல்லிவிட்டு, கிட்ட இருந்த ஓடுபாதையில் இறங்கினேன். புகை வாசனை துளிகூட இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 97 சதவீதம் காட்டியது. அதை நம்பியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன். ஹீமோகுளோபினைப் பிடித்திருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாதாம். ரத்தப் பரிசோதனையில்தான் பிடிபட்டது. சாதாரணக் காற்றில் அது பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும் என்று சொல்லி ஆக்சிஜன் கொடுத்தார்கள்.

ஜனவரி 16
மெக்கானிக், இன்ஜின் புகை போகும் மஃப்ளரைச் சுற்றியிருந்த தகட்டு உறையைக் கழற்றினார். ஹீட்டருக்குப் போகும் காற்று சூடாவது அந்த உறைக்குள்தான். வேக்யூம் கிளீனரின் காற்று வெளிவரும் முனையைப் புகைக்குழாயில் செருகி, மஃப்ளர் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தார். வெல்டிங் ஓரத்தில் குமிழ் குமிழாக நுரை. துடைத்துப் பார்த்தால் தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். இவ்வளவுதானா என்றிருந்தது.

பேனலில் ஒட்டியிருந்த பழுப்பு வட்ட அட்டை, கார்பன் மோனாக்சைடு பட்டால் கறுக்க வேண்டியது, கறுக்கவே இல்லையே என்றேன். அவர் பதில் சொல்லாமல் அட்டையைப் பிய்த்துக் கொடுத்தார். பிரித்த தேதி என் கையெழுத்திலேயே இருந்தது: போன ஏப்ரல். அதன் ஆயுள் சில மாதங்கள்தான்.

ஜனவரி 20
ஹீட்டரைத் தொடாவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். 2017 டிசம்பர் 31 அன்று சிட்னி அருகே ஹாக்ஸ்பரி ஆற்றுப் பகுதியில் விழுந்த பீவர் என்ற சின்ன ரக விமானத்தைப் பற்றிப் படித்தேன். ஆறு பேரும் இறந்துபோனார்கள். அங்கே அப்போது கோடைக்காலம். புகைக்குழாயில் விரிசல், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரில் போல்ட் இல்லாத ஓட்டைகள். கார்பன் மோனாக்சைடு அந்த வழியாக உள்ளே வந்திருக்கிறது.

ஜனவரி 27
புது மஃப்ளர், காற்றில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று எண்ணில் காட்டும் மின்னணு டிடெக்டர். தரையில் பின்காற்றோடு ஓட்டும்போது 18 வரை போனது, மேலே ஏறியதும் 0. ஹீட்டரைத் திறந்தேன், அப்போதும் 0. நண்பன் மட்டும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.