சூடு ஏறினால் அந்த மாதம் முடிந்தது

திருப்பூரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில், குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கான பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் தம்பதிகளை உட்கார வைத்து, எந்த மாத்திரை எப்போது, ஸ்கேனுக்கு என்றைக்கு வர வேண்டும் என்று விளக்கிச் சொல்வது என் வேலை. இப்போது நிறையப் பேர் போனில் ஓர் ஆப்போடு வருகிறார்கள். தினமும் காலையில் உடம்பு வெப்பநிலையை அளந்து அதில் பதிந்து வைத்திருப்பார்கள். "நேத்துத்தானுங்க சிஸ்டர் ஏறுச்சு, அவரு இன்னைக்கு லீவு போட்டுட்டாருங்க" என்று ஒரு பெண் ஆசையோடு சொல்லும்போது எனக்கு மனசு கனத்துவிடும். வெப்பநிலை ஏறிவிட்டது என்றால் அந்த மாதத்து வாய்ப்பு பெரும்பாலும் முடிந்துவிட்டது.

இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் பொறுமையாகச் சொல்லலாம், அவ்வளவு முக்கியம். கருமுட்டை வெளியே வந்த பிறகு, சினைப்பையில் அது இருந்த இடம் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. அந்த ஹார்மோன்தான் உடம்பு வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை ஏற்றுகிறது. அதுவரை 97.2, 97.3 என்று இருந்தது 97.9, 98 என்று போய் அடுத்த மாதவிலக்கு வரை அங்கேயே நிற்கும். முட்டைக்கு ஆயுள் அதிகபட்சம் 24 மணி நேரம். விந்தணு கருப்பைக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். அதனால் கணவனும் மனைவியும் சேர வேண்டிய நாட்கள் முட்டை வெளிவருவதற்கு முந்தைய 5 நாளும் அந்த ஒரு நாளும்தான். ஏற்றத்தைப் பார்த்த பிறகு கூப்பிட்டால் முட்டை காத்திருக்காது.

அப்படியானால் எதற்கு இந்தக் கணக்கு? இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக எழுதினால், இவளுக்கு முட்டை வருகிறதா, வந்தால் ஏறக்குறைய எந்த நாளில் என்று பின்னோக்கிப் பார்த்துக்கொள்ளலாம். ஜப்பானிய மருத்துவர் ஓகினோ 1924-லேயே நாளைப் பின்னாலிருந்து எண்ணச் சொன்னார்: அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாள் முன்பு முட்டை வருகிறது. 35 நாளுக்கு ஒரு தரம் தலைக்குக் குளிக்கிற பெண்ணுக்கு 14-ஆம் நாள் என்பது வெறும் நாள். அவளுக்கு 21-ஆம் நாள் வாக்கில்தான் முட்டை வரும். அதே 21-ஆம் நாளில் புரோஜெஸ்டிரான் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு "முட்டையே வரலை" என்று சீட்டோடு அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முட்டை வந்த பிறகுதான் அந்த ஹார்மோன் ஏறும் என்பதால், அவர்களுக்கு அந்தப் பரிசோதனை ஒரு வாரம் கழித்து செய்ய வேண்டியது. மூன்று மாதமும் கோடு ஏறவே இல்லை என்றால் அதுவும் ஒரு செய்திதான். பி.சி.ஓ.டி. என்கிற சினைப்பை நீர்க்கட்டி, தைராய்டு என்று எதுவாக இருந்தாலும் சீக்கிரம் டாக்டரிடம் வர அது போதும்.

ஆனால் அளக்கிற முறை எங்கள் ஊர் வாழ்க்கைக்கு ஒத்துவருவதில்லை. குறைந்தது மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்கி, எழுந்து உட்காரும் முன், தண்ணீர் குடிக்கும் முன், தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு அசந்து வருகிறவளும், ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிஃப்ட் மாறி மாறிப் போகிறவளும் என்ன செய்வார்கள்? தண்ணீர் வருகிற அன்று விடிகாலையில் குடத்தோடு ஓட வேண்டும். ஒரு பெண் தன் தாளில் அளக்க முடியாத நாட்களில் "தண்ணி" என்று எழுதி வைத்திருந்தாள். அவள் எழுதியதிலேயே அதுதான் எனக்கு அதிகம் புரிந்தது. இப்படித் தூக்கம் கலைந்த உடம்பில் எடுக்கும் எண் எதையும் சொல்லாது. பிரிட்டனில் டாக்டர்களுக்குச் சிகிச்சை முறைகளை வகுத்துச் சொல்லும் நைஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதலே, முட்டை வெளியாவதை உறுதி செய்ய இந்த அட்டவணையைப் பரிந்துரைப்பதில்லை.

அப்புறம் உடம்புச் சூடு. "சூட்டு உடம்பு, அதான் தங்கல" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி, இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல் எல்லாம் முடித்துத்தான் பலர் எங்களிடம் வருகிறார்கள். தெர்மாமீட்டரில் அரை டிகிரி ஏறினதும் பயந்துபோய் மோரைக் குடிக்கிறார்கள். ஒரு மாமியார் என்னிடம், "அப்ப ஏறுறது நல்லதுங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "நல்லதுங்கம்மா, முட்டை வந்திருக்குன்னு அர்த்தம். கர்ப்பம் தரிச்சா அது இறங்காமயே இருக்கும்" என்றேன். 18 நாளாக இறங்கவில்லை என்றால் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்க்கச் சொல்வோம். அதன் பிறகு அந்த மருமகளுக்கு வீட்டில் வெந்தயத் தொல்லை இல்லை என்று கேள்விப்பட்டு எனக்கு நிம்மதி.

சூடு உண்மையிலேயே கெடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் அளப்பதில்லை. விதைப்பை உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு நன்றாக உற்பத்தியாகும். சாயப்பட்டறையில் பாய்லர் பக்கம் நிற்கிறவர்கள், நாள் முழுக்க அயர்ன் டேபிளில் ஆவியில் வேலை செய்கிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். ஒரு விந்தணு உருவாகி முடிக்க இரண்டரை மாதம் ஆகிறது. அதனால் ஒரு கடும் காய்ச்சல் வந்துபோனால்கூட அடுத்த சில மாதத்து எண்ணிக்கையில் தெரியும். விந்துப் பரிசோதனை எளிமையானது, செலவும் குறைவு. இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை விலகி இருந்துவிட்டு வந்தால் போதும். இருந்தும் ஒரு வருடமாக வாயில் தெர்மாமீட்டரோடு விழிக்கிற பெண்ணின் கணவர் ஒரு தடவைகூடப் பரிசோதனைக்கு வந்திருக்க மாட்டார். "அவனுக்கு ஒண்ணுமில்லைங்க" என்று அவருடைய அம்மா முடித்துவிடுவார். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். அந்தக் கோபத்தை நான் மறைப்பதுமில்லை.

தொடர்ந்து அளக்கிறவர்களுக்கு வேறொரு கஷ்டமும் உண்டு. மாதக் கடைசியில் ஒரு நாள் காலை எண் இறங்கிவிடும். ரத்தம் வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். யாரிடமும் சொல்லாமல் சோறு வடித்து, டிபன் கட்டி, கம்பெனி பஸ் ஏறி மெஷினில் உட்கார வேண்டும். அதனால் மூன்று மாதத்துக்கு மேல் எழுத வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன்.

முன்கூட்டியே தெரிய வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. வெள்ளைப்படுதல் முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுவென்று இழுபடுகிற நாட்கள்தான் நல்ல நாட்கள். அதற்குக் காசும் இல்லை, கருவியும் இல்லை. மருந்துக்கடையில் விற்கிற, சிறுநீரில் எல்.எச். என்ற ஹார்மோன் ஏறுவதைக் காட்டும் எல்.எச். ஸ்ட்ரிப் முட்டை வருவதற்கு ஒன்று ஒன்றரை நாள் முன்பே காட்டிவிடும். இதெல்லாம் தொல்லை என்றால் மாதவிலக்கு முடிந்ததிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் சேர்ந்தாலே போதும், எந்த நாளும் தவறாது. இப்படி ஒரு வருடம் பார்த்தும் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் வாருங்கள். மனைவிக்கு 35 தாண்டிவிட்டால் ஆறு மாதத்திலேயே வாருங்கள். வரும்போது இரண்டு பேருமாக வாருங்கள்.