ஆடி மாதக் கச்சேரிகளும் ஒரு ஹம்மும்

ஜூலை 12, சனி

ஆடி பிறக்க இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. இன்று ரிகர்சலில் ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) ஆன் செய்ததும் ஒரு ஹம், விடாத இரைச்சல். போன மாதமே லேசாக இருந்தது, நான்தான் சீசனுக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இன்று பாட்டு நிற்கிற இடத்திலெல்லாம் அது மட்டும் தனியாக நின்று இரைந்தது. குழு நடத்தும் அண்ணன் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் சென்னையில் பகலில் யுபிஎஸ் சர்வீஸ் வேலை, மாலையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார், இருபத்திரண்டு வருடமாக. ஆம்ப் இங்கேயே கையால் செய்த 100 வாட், பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர். 2009-ல் பழசாக வாங்கினேன். தூக்கிச் சுமந்து தோள் கெட்டதைத் தவிர அது எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

வீட்டுக்கு வந்து முதலில் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனேன். ஹம் குறையவே இல்லை. அப்படியென்றால் கிட்டார் மேலும் கேபிள் மேலும் தப்பில்லை, உள்ளே பவர் பகுதியில்தான் ஏதோ. அடுத்து நான் எப்போதும் செய்கிற ஒன்று, மீட்டரே வேண்டாம். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அது ஏசியை டிசியாக்குகிற ரெக்டிஃபையரைத் தாண்டும்போது அலையின் கீழ்ப்பாதியும் மேலே மடிந்துவிடுவதால் 100 ஹெர்ட்ஸாக மாறும். பேஸ் கிட்டாரில் ஜி கம்பியை வெறுமனே மீட்டினால் 98. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு இரண்டு தரம் சத்தம் ஏறி இறங்கும். எர்த் தகராறால் வருகிற ஹம் என்றால் அது 50, ஒரு ஸ்தாயி கீழே. அதற்கு ஈ கம்பியில் மூன்றாம் கட்டை (ஃப்ரெட்), கீழ் ஜி, 49 ஹெர்ட்ஸ். அங்கே அலை நொடிக்கு ஒன்றுதான்.

கதவைச் சாத்திவிட்டு வெறும் ஜி-யை மீட்டி ஆம்ப் பக்கம் காதை வைத்தேன். வ்வம்-வ்வம், வ்வம்-வ்வம். நொடிக்கு இரண்டு, சந்தேகமே இல்லை. ரெக்டிஃபையருக்குப் பிறகு கரண்டைச் சமமாக்குகிற ஃபில்டர் கெபாசிட்டர் போய்விட்டது.

ஜூலை 14, திங்கள்

மதியம் வேலைக்கு நடுவே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட். ஆம்பைத் திறந்து பார்த்துவிட்டேன், 4700 மைக்ரோஃபேரட், 63 வோல்ட், இரண்டு. இரண்டுக்கும் தலை உப்பியிருக்கிறது, ஒன்றின் அடியில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருக்கிறது. செய்தவர் அதை ஹீட்சிங்க்குக்கு, சூட்டை வெளியே தள்ளுகிற உலோகத் தகட்டுக்கு, ஒட்டினாற்போல் வைத்துவிட்டார், இத்தனை வருடச் சூட்டில் உள்ளே இருக்கிற திரவம் வற்றிப் போகாமல் என்ன செய்யும்.

முதல் கடையில் கொடுத்ததைக் கையிலிருந்த மீட்டரில் வைத்துப் பார்த்தேன், 2900 காட்டியது. இந்த வகைக்கு இருபது சதவீதம் முன்பின் இருக்கலாம், 3760-க்குக் கீழே போனால் சரியில்லை என்று அர்த்தம். பழைய சரக்குக்குப் புது உறை போட்டது என்று நினைக்கிறேன், கால்களில் பழைய ஈயத்தின் தடம் தெரிந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்தத் தெருவில் நான் பையனாக வந்த நாளிலிருந்து தெரிந்த பாய் கடைக்குப் போனேன். "கண்டென்சர் ஹீட்டுக்குப் பக்கத்துல இருக்கா தம்பி? அப்ப எண்பத்தஞ்சு டிகிரி போடாத, நூத்தஞ்சு எடுத்துக்க" என்றார். கெபாசிட்டரைத்தான் கண்டென்சர் என்கிறார், டிகிரி என்பது அது தாங்குகிற சூடு. பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது கணக்கு, ஆகவே 105 டிகிரி சரக்குக்குக் கொடுக்கிற கூடுதல் காசு வீணே இல்லை. மீட்டரில் 4400, 4450. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதுவும் நல்லது.

ஜூலை 15, செவ்வாய், இரவு

முடிந்தது. எழுதிவிட்டுத்தான் தூக்கம்.

பிளக்கைக் கழற்றினாலும் கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும், அதை முதலில் இறக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பட்டென்று பொறி பறக்க விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். 1 கே (ஆயிரம் ஓம்), 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு வயர் வைத்து வைத்திருக்கிறேன், அதை அரை நிமிடம் பிடித்துவிட்டு மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைப்பேன்.

பழைய ஈயம் வறண்டு சாம்பல் நிறமாகி இருந்தது, சால்டரிங் அயர்ன் வைத்தாலும் இளகவில்லை. அதன் மேலேயே கொஞ்சம் புது ஈயம் வைத்தேன், புதியது உருகி பழையதையும் இழுத்துக்கொண்டு ஒரு கணம் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆனது, அந்தக் கணத்தில் கெபாசிட்டரின் காலை மெல்ல ஆட்டி உருவ வேண்டும். அவசரப்பட்டால் போர்டில் இருக்கிற செம்புத் தடம் கூடவே உரிந்து வந்துவிடும். புதியதை மாட்டும்போது உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ் என்று மூன்று தரம் பார்த்தேன். மாற்றிப் போட்டால் வெடிக்கும். இந்த முறை ஹீட்சிங்க்கிலிருந்து இரண்டு விரல் தள்ளியே வைத்திருக்கிறேன்.

அப்புறம் சீரீஸ் லாம்ப். 100 வாட் குண்டு பல்ப் ஒன்றை இதற்கென்றே பத்திரமாக வைத்திருக்கிறேன். பல்ப் வழியாகத்தான் ஆம்புக்குக் கரண்ட் போகும். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும், ஆம்ப் பிழைக்கும். ஸ்விட்சைப் போட்டேன், பளீரென்று எரிந்து, ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் மங்கி, இழை மட்டும் சிவப்பாக நின்றது. அதைப் பார்க்கும்போது இருக்கிற நிம்மதி இருக்கிறதே. நேர் லைனில் போட்டு ஸ்பீக்கரில் காதை வைத்தால் மெல்லிய ஸ்ஸ் மட்டும்.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

வியாசர்பாடியில் அம்மன் கோயில். தெருவை அடைத்து மேடை, மேடைக்குப் பின்னால் சீரியல் செட்டில் அம்மன், மதியம் கூழ் வார்த்த அண்டாக்களைப் பக்கத்திலேயே கழுவிக்கொண்டிருந்தார்கள். இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆனால் ஆம்பிலிருந்து மிக்ஸருக்கு லைன் கொடுத்ததும் ஹம் வந்துவிட்டது. வயிற்றில் புளியைக் கரைத்தது. இப்போதுதானே மாற்றினோம்? பதற்றத்தில் இரண்டு நிமிடம் போனது, அப்புறம்தான் காது வேலை செய்தது. இது வேறு ஹம். போன வாரத்தையது கரகரவென்று இருந்தது, இது உருண்டையாக, தாழ்வாக, ம்ம்ம் என்று. மூன்றாம் கட்டையில் கீழ் ஜி-யை வைத்தேன், அலை நொடிக்கு ஒன்று. 50 ஹெர்ட்ஸ். கேபிளைப் பிடுங்கினால் போய்விடுகிறது.

ஆம்புக்கு மேடைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட், மிக்ஸருக்குத் தெருக் கோடியில் வேறு வீட்டிலிருந்து. இரண்டு எர்த்தும் ஒன்றாக இருக்காது, அந்த வித்தியாசத்துக்கு என் கேபிளின் ஷீல்டு, அதாவது உள் வயரைச் சுற்றியிருக்கிற பின்னல் கம்பி, வழியாகக் கரண்ட் ஓடுகிறது. மைக்செட்காரர் அனுபவம் உள்ளவர்தான், ஆனாலும் "எர்த் பின்ன உடைச்சிட்டா போயிடும்ணா" என்றார். போகும், உண்மைதான். ஆனால் பேஸ் கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் பாடியோடு சேர்ந்தவை. எர்த் இல்லாத ஆம்பில் உள்ளே ஒரு வயர் நழுவிப் பாடியைத் தொட்டால் 230 வோல்ட் என் பத்து விரலுக்கும் வரும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இன்றைக்கு வழி எளிது, நீளமான எக்ஸ்டென்ஷன் ஒன்றை இழுத்து மிக்ஸரும் ஆம்பும் ஒரே போர்டில். ஹம் போயிற்று. பத்து மணிக்கு போலீஸ் வந்து நிற்பதற்குள் இருபத்தாறு பாட்டு.

ஜூலை 20, ஞாயிறு

அலமாரியில் கிடந்த டிஐ பாக்ஸைத் தேடி எடுத்தேன், ஆம்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே போடுகிற பெட்டி. உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர், சத்தம் காந்தம் வழியாகத் தாண்டும், இரண்டு பக்கத்து வயரும் ஒன்றையொன்று தொடாது. அதிலிருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் உடைந்திருந்தது, மாற்றிவிட்டேன். அது துண்டிப்பது ஆடியோ ஷீல்டை மட்டும், கரண்ட் பிளக்கின் எர்த்தை இல்லை. இனி எந்த வீட்டிலிருந்து கரண்ட் எடுத்தாலும் கவலை இல்லை.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். சுற்றி வளைத்துத்தான் சொன்னார். பேசுகிற தொகை ஏறவே இல்லை, வேன் வாடகை ஏறிவிட்டது, கீபோர்டுத் தம்பி இடது கையிலேயே பேஸ் வாசித்துவிடுகிறான், வெள்ளிக்கிழமை ரிசப்ஷனுக்கு மட்டும் அப்படிப் பார்க்கலாமா என்று. "நீ தப்பா எடுத்துக்காத தம்பி." சரிண்ணே என்றேன். வேறென்ன சொல்வது.

ஜூலை 25, வெள்ளி

அவர்கள் மண்டபத்தில் வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் வீட்டில் கம்பிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். புது செட் இரண்டாயிரத்துக்கு மேல், சீசனில் வியர்வைக்கு மூன்றே வாரத்தில் கம்பி செத்துவிடும். கழற்றிச் சுருட்டிப் பத்து நிமிடம் வெந்நீரில் கொதிக்கவிட்டால் சுற்றுக்குள் புகுந்த அழுக்கும் எண்ணெயும் வெளியே வரும், தண்ணீரே கலங்கிவிடுகிறது. துணியில் நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டினால் இன்னும் இரண்டு மூன்று கச்சேரிக்குத் தாங்கும். மனைவி அதற்கென்று ஒரு பழைய பாத்திரம் ஒதுக்கியிருக்கிறாள்.

மனசு மண்டபத்திலேயே இருந்தது. தம்பி நல்ல வாசிப்பாளன், சுரத்தில் ஒரு தப்பு வராது. ஆனால் பேஸில் சுரம் தொடங்குகிற இடம் பாதிதான், அது எங்கே முடிகிறது என்பது மீதிப் பாதி. டோலக்கின் தீர்க்கமான அடி விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நான் விரலைத் தளர்த்திக் கம்பியின் சத்தத்தை நிறுத்துவேன், அந்த இடைவெளியில்தான் அடி தெளிவாக விழும், கூட்டத்தில் ஆடுகிற பையன்களின் கால் அங்கேதான் விழுகிறது. இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டு போகும், ஒரு கட்டையிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு. அதை வாசிக்க ஒரு முழு ஆள் வேண்டும். இடது கையை அதற்குக் கொடுத்தால் வயலின் பகுதியை யார் வாசிப்பது? இதை அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், கோபமில்லாமல்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று என்னையும் கூப்பிட்டார்கள். ஊத்துக்கோட்டை தாண்டி ஒரு கிராமம், மேடைக்கு ஜெனரேட்டர்.

முதலில் ஒரு வேடிக்கையான விஷயம். சவுண்ட் செக்கில் ஸ்டேஜ் மானிட்டரில் (எங்களுக்கே கேட்பதற்காக மேடையில் வைக்கிற ஸ்பீக்கரில்) ஒரு ஹம், என் ஆம்பில் இல்லை. பழக்கத்தில் ஜி-யை வைத்துப் பார்த்தால் சேரவே இல்லை, நான்காம் கட்டை ஜி ஷார்ப் பக்கத்தில் போய் நின்றது. கிட்டத்தட்ட 52 ஹெர்ட்ஸ். பளு இல்லாதபோது ஜெனரேட்டர் கொஞ்சம் வேகமாக ஓடும். ஆறு மணிக்கு ஃபோகஸ் லைட்டும் சீரியல் செட்டும் ஒன்றாகப் போட்டார்கள், ஹம் அப்படியே வழுக்கிக்கொண்டு அரைக் கட்டை இறங்கி ஜி-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. கை வைக்காமலே ஒரு ஸ்லைட்.

அடுத்தது வேடிக்கை இல்லை. பாடகி அக்கா மைக்கில் உதடு பட்டதும் "சுர்ருங்குது" என்று பின்வாங்கினார். என் கம்பிக்கும் மைக் வலைக்கும் நடுவே மீட்டரை வைத்தேன், 94 வோல்ட். கோரஸ் பாடுகிறவன் நான், கை கம்பியில், வாய் மைக்கில். ஜெனரேட்டருக்கு எர்த்தே அடிக்கவில்லை. அண்ணனிடம் போய், எர்த் அடிக்காமல் நாங்கள் மேடை ஏற மாட்டோம் என்றேன். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, ஊர்க்காரர்களிடம் அவரே போய்ச் சொன்னார். கைப்பம்புப் பக்கத்தில் ஈரமண்ணில் இரும்புக் குழாயை ஆளுயரத்துக்கு இறக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து ஜெனரேட்டர் சட்டத்துக்கும் எங்கள் போர்டுகளின் எர்த்துக்கும் தடித்த வயர். முக்கால் மணி நேரம் தாமதம். மறுபடி அளந்தால் ஒரு வோல்ட்டுக்கும் கீழே. அக்கா மைக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாட ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது வேனில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். டோலக், இடைவெளி, வயலின் எல்லாவற்றையும் சொன்னேன். ரிசப்ஷனில் டோலக் வாசிப்பவரும் அதையே சொன்னாராம், "அடி எங்க விழுதுன்னே தெரியல" என்று. பார்க்கலாம் என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

பெரம்பூர். நல்ல கூட்டம். டிஐ பாக்ஸ் லிஃப்டைப் போட்டதும் மிக்ஸர் பக்கம் சுத்த அமைதி, மைக்செட்காரரே ஹெட்ஃபோனைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தார்.

கச்சேரி முடிந்து வயர் சுருட்டும்போது கீபோர்டுத் தம்பி வந்தான். "அண்ணா, அந்த ஜி-யை வெச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" அவன் கீபோர்டின் அடாப்டரில் கொஞ்ச நாளாகவே ஒரு ஹம் இருக்கிறது, அதை அவன் அவுட்புட்டிலிருந்து மானிட்டரில் ஏற்றினோம். ஆர்கன் சத்தம் எடுத்துக் கீழ் ஜி-யை அழுத்திப் பிடி, விடாதே, கண்ணை மூடிக்கொள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பிடிபடவில்லை அவனுக்கு. மேலே இருக்கிற ஜி-யை வைக்கச் சொன்னேன். சட்டென்று தலையை ஆட்ட ஆரம்பித்தான், நொடிக்கு இரண்டு. "உள்ள கெபாசிட்டராண்ணா?"

அடாப்டர் இப்போது என் பையில். நாளை மதியம் பாய் கடைக்குப் போக வேண்டும்.