பக்கத்துத் தெரு என்றால் யாருக்குப் பக்கம்? ஒரு பெங்களூரு இன்டர்வியூ அனுபவம்

கோரமங்களாவில் ஒரு கம்பெனி. மெஷின் கோடிங் ரவுண்டு, இரண்டு மணி நேரம். நோட் ஜேஎஸ்ஸில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள்) சின்னதாக ஒரு கமாண்ட் லைன் டூல் எழுதணும். யூசர் தன் புராஜெக்ட் ஃபோல்டரில் இருந்து ஓட்டுவார். கான்ஃபிக் ஃபைலில் அவர் குறித்திருக்கும் பிளகின்களை, அதாவது டூலோடு ஒட்டிக்கொள்ளும் கூடுதல் துண்டுகளை, டூல் லோடு செய்யணும். பிளகின் பெயரை அப்படியே, வேறு கோடை உள்ளே கொண்டுவரும் ரெக்வயரிடம் கொடுத்தேன். ஜோராக ஓடியது.

எதிரில் இருந்தவரும் தமிழர்தான். புது ஃபோல்டர் ஒன்று திறந்து, அதில் வேறொரு பிளகினை இன்ஸ்டால் செய்து, "இங்கேருந்து ஓட்டுங்க, பார்க்கலாம்" என்றார். ‘கேனாட் ஃபைண்ட் மாட்யூல்’, பிளகினைக் காணோம் என்று எரர். மடிவாளா ரூமுக்கு நடந்தே திரும்பினேன். அந்த நேரத்து ஓசூர் ரோட்டில் பஸ்ஸும் அதே வேகம்தான்.

"பக்கத்துத் தெருக் கடையில வாங்கிக்கோ" என்று அம்மா ஆம்பூரிலிருந்து போனில் சொன்னால், அது ஆம்பூர்த் தெருவா, மடிவாளாத் தெருவா? ரெக்வயர் எப்போதும் சொல்பவரின் தெருவில்தான் தேடும். அந்த வரி எழுதப்பட்ட ஃபைல் எங்கே இருக்கிறதோ, அங்கிருந்து நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டர்களை (இன்ஸ்டால் செய்தவை போய் உட்காரும் இடம்) மேலே மேலே பார்த்துக்கொண்டு போகும். யூசர் எங்கே நின்று ஓட்டுகிறார் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. எஃப்எஸ் என்ற ஃபைல் மாட்யூல் வழியாக ஃபைல் படிக்கும்போது கதை வேறு: அங்கே ரிலேட்டிவ் பாத் (முழு முகவரி இல்லாத பாத்), ஓட்டுகிற ஃபோல்டரைப் பொறுத்தது. ஒரே புரோகிராமுக்குள் இரண்டு கணக்கு. குழம்பாமல் என்ன செய்யும்? என் டெஸ்ட் பிளகினை டூலின் ஃபோல்டரிலேயே இன்ஸ்டால் செய்திருந்ததால்தான் முதலில் ஓடியது.

இதற்கு மருந்து, நோட்டோடு கூடவே வரும் மாட்யூல் என்ற உள்பொதியில் இருக்கும் கிரியேட்ரெக்வயர். நோட் 12.2-இல் வந்தது. ஒரு ஃபைல் பாத் கொடுத்தால், அந்த ஃபைலுக்குள் இருந்து அழைப்பது போன்ற புது ரெக்வயர் கிடைக்கும்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு, நான் ஒரு ராத்திரி முழுக்க விழுந்து கிடந்தது. பிராசஸ் டாட் சிடபிள்யூடி தரும், யூசர் நின்று ஓட்டுகிற ஃபோல்டரின் பாத்தை அப்படியே கொடுத்தால், கடைசிப் பெயரை ஃபைல் என்று எடுத்துக்கொண்டு, ஒரு படி மேலே இருந்து தேட ஆரம்பிக்கும். புராஜெக்ட்டின் சொந்த நோட்_மாட்யூல்ஸ் விட்டுப்போகும். கடைசியில் ஒரு ஸ்லாஷ் வையுங்கள், அல்லது பேக்கேஜ் டாட் ஜேசான் என்று ஒரு ஃபைல் பெயரை ஒட்டுங்கள். அந்த ஃபைல் நிஜமாக இருக்கணும் என்றுகூட இல்லை.

பிளகினை லோடு செய்யாமல், அது இருக்கும் முகவரி மட்டும் போதுமென்றால் ரெக்வயர் டாட் ரிசால்வ். அதற்கு பாத்ஸ் என்ற ஆப்ஷனில் ஃபோல்டரையே கொடுக்கலாம். கிடைத்த முகவரியை டைனமிக் இம்போர்ட்டுக்குக் (ரெக்வயர் போல, ஓடும்போதே லோடு செய்யும் இன்னொரு வழி) கொடுப்பதானால் முதலில் பாத்-டு-ஃபைல்-யூஆர்எல் வழியாக ஃபைல் யூஆர்எல்லாக மாற்றுங்கள். விண்டோஸில் ‘சி:’ என்று தொடங்கும் பாத்தை இம்போர்ட் ஏற்காது. கூடுதலாகத் தேட வேண்டிய ஃபோல்டர்களைச் சொல்லும் நோட்_பாத் என்ற என்விரான்மென்ட் வேரியபிளைச் சிலர் சொல்வார்கள். இம்போர்ட் அதைத் திரும்பியும் பார்க்காது, நான் தொடுவதில்லை.

"இந்தச் சிக்கல் நிஜத்தில் எங்கே வரும்?" என்று இன்டர்வியூவில் கேட்டால், ஜாவாஸ்கிரிப்ட் கோடில் தப்பு தேடும் டூலான ஈஎஸ்லின்ட்டைச் சொல்லுங்கள். 2019-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து பிளகின்களை, டூல் இன்ஸ்டால் ஆன இடத்தை விட்டுவிட்டு, புராஜெக்ட் ஃபோல்டரிலிருந்து தேடும்படி மாற்றினார்கள். என் தப்பு பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது என்று படித்தபோது கொஞ்சம் ஆறுதல்.

பயிற்சிக்கு நான் அல்சூர், மடிவாளா என்று இரண்டு ஃபோல்டர் வைத்து, இரண்டிலும் ஒரே பெயரில் பிளகின் போட்டு, ஒவ்வொன்றும் தன் ஊர்ப் பெயரை அச்சடிக்கும்படி எழுதினேன். டூல் மூன்றாவது இடத்தில். அல்சூரில் நின்று ஓட்டி மடிவாளா என்று வந்தால், எங்கே பிசகு என்று உடனே தெரிந்துவிடும்.